செட்டு: ஒரு சத்தம், நாலு சொல்

"கார் செட்டுல நிக்குது."
"பம்புசெட்டு ஓடலை."
"ஆச்சி ரொம்பச் செட்டு, பத்து ரூபாயைச் சும்மா எடுக்க விடமாட்டாக."
"காங்கிரீட் இன்னும் செட் ஆகலை, மேல ஏறாதீக."
"நாங்கள்லாம் ஒரே செட்டு."
"ரெண்டு ஜாதகமும் செட் ஆகலையாம்."

காரைக்குடியில் ஒரு முற்பகல் கடைத்தெருவைச் சுற்றி வந்தால் இந்த ஆறும் காதில் விழும். கேட்பவருக்கு எந்தக் குழப்பமும் இருக்காது. இவற்றை ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் தகராறு. ஆறிலும் 'செட்' என்றே எழுதினால் நாலு தப்பு. பம்புசெட்டும் காங்கிரீட்டும்தான் தேறும்.

'செட்' ஆங்கிலத்தில் மிகவும் பெருத்துப்போன சொற்களில் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் இந்த வினைச்சொல்லுக்கு 430 பொருள்கள், ஏறக்குறைய 60,000 சொல் நீளத்துக்கு விளக்கம். கின்னஸ் புத்தகத்தில்கூட இடம்பிடித்தது. பிறகு அகராதியைத் திருத்தி எழுதியபோது 'ரன்' 645 பொருளோடு அதைத் தாண்டிவிட்டது என்று 2011இல் செய்தி வந்தது. எண்ணிக்கையில் பெரிய பயன் ஒன்றும் இல்லை. 430ஐயும் யாரும் மனப்பாடம் செய்து ஆங்கிலம் பேசுவதில்லை. முதலில் பார்க்க வேண்டியது, நம் வாயில் வரும் செட்டு எந்தச் செட்டு என்பதை.

முதல் செட்டு நம்முடையதே. செட்டு என்றால் சிக்கனம். "கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துறா" என்னும்போது வருவது இதுதான். செட்டி என்ற சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. வணிகம் என்றும் பழைய பொருள் உண்டு. "ஆதாயம் இல்லாமல் செட்டி ஆற்றோடு போவானா" என்று பழமொழி சொல்லும் மண்ணில் இந்தச் சொல்லுக்கு மதிப்பு அதிகம். கருமித்தனத்துக்கும் செட்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி உண்டு. வீட்டு விசேஷத்துக்கு ஆயிரம் பேருக்கு இலை போட்டுவிட்டு, மறுநாள் மிஞ்சிய வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைப்பது செட்டு. ஆயிரம் பேரைக் கூப்பிடாமலே இருப்பது கருமித்தனம். ஆங்கிலத்தில் முன்னதற்கு 'திரிஃப்ட்டி', பின்னதற்கு 'ஸ்டிஞ்ஜி'. 'செட்' என்று எழுதினால் வெள்ளைக்காரனுக்கு ஒன்றும் விளங்காது.

இரண்டாவது, கார் நிற்கும் செட்டு. அது 'ஷெட்'. நம் பேச்சில் ஷகரம் சகரமாகி, கடைசி மெய்க்கு உகரமும் ஒட்டிக்கொண்டு செட்டு ஆனது. மாட்டுச் செட்டு, தகரச் செட்டு எல்லாம் இந்த வகை. எழுதும்போது நினைவு தப்பினால் கார் ஒரு 'செட்'டில் நின்றுவிடும். படப்பிடிப்பு நடக்கும் ஊரில் அப்படியும் நடக்கலாம் என்றாலும்.

பம்புசெட்டில் 'செட்', 'ஷெட்' இரண்டும் கலந்து கிடக்கின்றன. மோட்டார், பம்பு, இரண்டையும் தாங்கும் அடித்தளம், குழாய் எல்லாம் சேர்ந்த தொகுதிதான் ஆங்கிலத்தில் பம்ப் செட். நாம் "பம்புசெட்டுல குளிச்சுட்டு வாறேன்" என்னும்போது சொல்வது மோட்டார் அறையையும் தொட்டியையும் சேர்த்து, கிட்டத்தட்ட ஷெட்டை. மோட்டார் பழுது என்று கம்பெனிக்கு எழுதும்போது 'பம்ப் செட்' சரி. கூரை ஓட்டைப் பிரித்து மாற்ற வேண்டும் என்று கொத்தனாருக்கு எழுதினால் 'பம்ப் ஷெட்' அல்லது 'பம்ப் ஹவுஸ்'.

மூன்றும் நான்கும் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கும் இரண்டு சொற்கள். பார்வைக்கு ஒன்று, வழி வேறு. வினைச்சொல்லான 'செட்' பழைய ஆங்கிலத்தின் 'செட்டான்' என்பதிலிருந்து வந்தது; 'சிட்' என்பதன் பிறவினை. தமிழில் அமர், அமர்த்து என்று இருக்கிறதே, அதே உறவு. 'சிட்' அமர், 'செட்' அமர்த்து. கூட்டம், தொகுதி என்னும் பெயர்ச்சொல்லான 'செட்' வேறு வழியில் வந்தது. லத்தீனில் ஒரு வழியைப் பின்பற்றும் கூட்டத்துக்குச் 'செக்டா' என்று பெயர். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. மதப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' இதன் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் பல நூறு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்து ஒன்றின் சாயல் மற்றதில் ஏறிவிட்டது. ஆனாலும் ஒரு வாக்கியத்தில் 'செட்' வந்தால் அமர்த்துகிறதா, தொகுக்கிறதா என்று கேட்டுவிட்டால் முக்கால்வாசிப் பொருள் தானே பிடிபட்டுவிடும்.

ஐந்தாவதாக ஒன்று வாசலில் நிற்கிறது: 'சொன்னான்' என்பதற்கான 'செட்'. தமிழ் எழுத்தில் வல்லின டகரத்துக்கும் மெல்லோசை டகரத்துக்கும் ஒரே ட் என்பதால் 'ஷீ செட் இட்' என்று எழுதினால் அவள் சொன்னாளா, வைத்தாளா என்று தெரியாது. வாயால் சொல்லும்போது வேறுபாடு கடைசி மெய்யில் மட்டும் இல்லை, அதற்கு முன் வரும் எகரத்திலும் இருக்கிறது. 'சொன்னாள்' என்னும்போது எகரத்தைச் சற்றே இழுத்து விட வேண்டும். 'வைத்தாள்' என்னும்போது சட்டென்று வெட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மெய்யைத் திருத்துவதைவிட உயிரைத் திருத்துவது சுலபம்.

இலக்கணத்தில் ஒரு விஷயம்தான், ஆனால் அடிக்கடி சறுக்கும். இந்த வினை காலத்துக்கு ஏற்ப மாறாது. இன்றும் செட், நேற்றும் செட், முடிந்துபோனதும் செட். 'செட்டட்' என்று ஒரு சொல் கிடையாது. அப்படியானால் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆளைப் பார்க்க வேண்டும். 'ஷீ செட்ஸ் தி அலாரம்' என்று ஸ் இருந்தால் தினமும் வைக்கிறாள். 'ஷீ செட் தி அலாரம்' என்று ஸ் இல்லாவிட்டால் வைத்தாள். 'ஐ', 'தே' வரும்போது அந்தத் தடயமும் இல்லை. பக்கத்தில் 'யெஸ்டர்டே' போலக் காலம் காட்டும் ஒரு சொல்லைப் போட்டுவிடுவது எழுதுபவரின் பொறுப்பு.

இனி அமர்த்தும் செட்டுக்கு வருவோம். இதைப் படிக்க, தரையில் பதிக்கும் பூக்கல்லுக்குப் பேர்போன ஆத்தங்குடியைப் போல நல்ல இடம் இல்லை.

ஆத்தங்குடிப் பூக்கல் சூளையில் வைத்துச் சுடப்படுவதில்லை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ உலோக அச்சை இறக்குவார்கள். வெள்ளை சிமெண்டில் வண்ண ஆக்சைடு கலந்து கூழாகக் கரைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று விளிம்பில் தொட்டு நிற்கும். கூழ் தண்ணீராக இருந்தால் இந்த இடத்தில்தான் கல் கெடும். சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர் பொடியைத் தூவுவார்கள், மேல்நீரை அது இழுத்துக்கொள்ளட்டும் என்று. இதைச் சரியாகத் தூவாமல் அவசரப்பட்டால் பின்னால் போடும் ஈரக் கலவை வண்ணத்துக்குள் இறங்கிக் கறையாகும். கடைசியாகச் சிமெண்ட், மணல் ஈரக் கலவையை நிரப்பி, மட்டம் தட்டி, அப்படியே வைத்துவிடுவார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிச் சில நாள் ஊறவிட்டு, எடுத்துக் காயவைப்பார்கள். கண்ணாடி விட்டு வரும்போது கல்லின் முகத்தில் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே பதிந்திருக்கும். அவசரப்பட்டு முன்னாலேயே பிரித்தால் முகம் பெயர்ந்து கண்ணாடியோடு போய்விடும்.

தண்ணீர்த் தொட்டியைக் கவனியுங்கள். சிமெண்ட் 'செட்' ஆவதும் காய்வதும் ஒன்றாக இருந்தால் தண்ணீருக்குள் போட்ட கல் கூழாக அல்லவா போக வேண்டும்? கெட்டியாகிறது. சிமெண்ட் தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. தண்ணீர் போய்விடுவதால் இறுகுவதில்லை. அதனால் ஆங்கிலத்தில் மூன்று சொற்களைத் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். 'செட்' என்றால் குழைவு போய் உருவம் நிலைபெறுவது. 'ஹார்டன்' என்றால் அதன்பிறகு நாள் கணக்கில் வலுவேறுவது. 'டிரை' என்றால் ஈரம் போவது. நாம் மூன்றையும் "காஞ்சிருச்சு" என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம். ஒட்டுத்தளம் போட்ட மறுநாள் "காஞ்சிருச்சே" என்று தண்ணீர் கட்டுவதை நிறுத்துகிற வீட்டுக்காரர் இந்தச் சொல் குழப்பத்துக்குத்தான் பின்னால் வெடிப்பும் ஒழுகலுமாக விலை கொடுக்கிறார். சாதாரண போர்ட்லேண்டு சிமெண்டுக்கு இந்தியத் தரநிலை சொல்லும் கணக்கு: இறுகத் தொடங்கும் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, இறுகி முடியும் நேரம் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. செட் ஆவது இந்தப் பத்து மணி நேரச் சமாசாரம். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதற்குப் பெயர் 'கியூரிங்', அது குறைந்தது 7 நாள், நம் வெயிலுக்கு 10 நாள்.

அந்த முதல் 30 நிமிடத்தில் இன்னொரு பாடமும் உண்டு. கலவை இறுகத் தொடங்கியபின் தண்ணீர் தெளித்துத் திரும்பக் குழைத்தால் பார்ப்பதற்குப் புதுக்கலவை போல இருக்கும், வலு இருக்காது. எந்தச் செட்டுக்கும் அடிப்படை இதுதான், அமர்த்தியபின் அசைக்கக் கூடாது.

வளவு என்று நாங்கள் சொல்லும் பழைய செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் கண்ணாடி போல முகம் தெரியும் சுண்ணாம்புப் பூச்சு வேறு ரகம். நீற்றி அரைத்த சுண்ணாம்பு, பொடிமணல், கடுக்காய் ஊறிய நீர், மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று பல அடுக்காகப் பூசி இழைத்தது. இது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக் கல்லாகிறது. அதனால் மிக மெதுவாக இறுகும். ஆங்கிலத்தில் இதுவும் 'செட்'தான். சிமெண்டின் வேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே எண்ணெய்ப் பெயின்டை அடித்தால் காற்று போகும் வழி அடைபட்டு, பூச்சு பாளம் பாளமாக உதிரும்.

ஆத்தங்குடிக் கல் ஒன்றிலேயே 'செட்' மூன்று தடவை வரும். கூழ் செட் ஆகிறது. தரையில் கல்லைப் பதிப்பதும் ஆங்கிலத்தில் 'செட்' செய்வது, அமெரிக்காவில் அந்த வேலைக்காரருக்கு 'டைல் செட்டர்' என்றே பெயர். நாலு கல் சேர்ந்தால் ஒரு முழுப்பூ வரும் வடிவத்தில், அந்த நாலும் ஒரு செட். முதல் இரண்டும் அமர்த்துவது, மூன்றாவது தொகுப்பது.

அடுப்படிக்கும் இதே விதி. தயிர் உறைவது ஆங்கிலத்தில் 'செட்'. பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உறை ஊற்றி, ஆட்டாமல் வைக்க வேண்டும். பாதியில் எடுத்துப் பார்க்கிற வீட்டில் தயிர் தண்ணீர் விட்டுப் பிரிந்திருக்கும். கடல்பாசியும் செட் ஆகும். தூளாக வாங்கினால் ஒரு டம்ளர், அதாவது சுமார் 240 மில்லிக்கு ஒரு தேக்கரண்டி. நன்றாகக் கொதித்துக் கரைய வேண்டும், ஆறும்போது 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கும்போதே ஊற்றினால் புளிப்பு அதன் பிடியைக் கெடுக்கும், இறக்கியபின் சேர்க்கலாம். பிடிக்காவிட்டால் கடல்பாசியை மறுபடி காய்ச்சிக் கரைத்து உறைய வைக்கலாம். தயிருக்கும் சிமெண்டுக்கும் அந்த மறுவாய்ப்பு இல்லை. தமிழில் எழுதும்போது இவை எதற்கும் 'செட்' தேவையே இல்லை. தயிர் உறைகிறது, பாகு பிடிக்கிறது, சிமெண்ட் இறுகுகிறது, கூழ் கட்டிப்படுகிறது. ஆங்கிலம் ஒரு சொல்லை வைத்துக் காலம் தள்ளும் இடத்தில் நமக்கு நாலு இருக்கின்றன. இதில் நாம் செட்டாக இருக்க அவசியம் இல்லை.

'செட் தி டேபிள்' என்பதை "மேசையை அமை" என்று மொழிபெயர்த்தால் சிரிப்பு வரும். அது இலை போடுவது. நுனி, சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம். தண்ணீர் தெளித்து, உப்பில் தொடங்கி அந்தந்த இடத்தில் அதது. எது எங்கே அமர வேண்டுமோ அங்கே அமர்த்துவது என்கிற பொருள் பந்தியில் வரும் அளவு வேறெங்கும் துல்லியமாக வராது.

சூரியன் 'செட்' ஆவதும் அமர்வதுதான், இங்கே மட்டும் யாரும் அமர்த்தாமல் தானே அமர்கிறது. "பொழுதடைஞ்சிருச்சு" என்று நாம் சொல்கிறோம். கோழி அடைவதும் அதே அடைதான். கோழியை முட்டைமேல் அடை வைப்பதற்கும் ஆங்கிலத்தில் 'செட்' என்றே சொல்வார்கள் என்பது பலருக்குத் தெரியாது. குஞ்சு பொரிக்கும் ஆலைகளில் முதல் 18 நாள் முட்டை இருக்கும் இயந்திரத்தின் பெயர் 'செட்டர்', கடைசி 3 நாளுக்கு மாற்றும் இயந்திரம் 'ஹாட்ச்சர்'. பொழுதும் கோழியும் இரண்டு மொழியிலும் ஒரே சொல்லில் ஒதுங்குவது தற்செயல்தான், ஆனாலும் அழகு.

தொகுதிச் செட்டுக்கு வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சுவீடனிலிருந்தும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் வந்த எனாமல் ஏனங்கள், அடுக்குக் கேரியர்கள், பீங்கான் ஜாடிகள். பெரிதிலிருந்து சிறிதாக ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குச் சட்டி முழுதாக இருந்தால் ஒரு விலை. நடுவில் ஒன்று குறைந்தால் மீதியின் கூட்டு விலைகூடக் கிடைக்காது. முழுச் செட் ஆங்கிலத்தில் 'கம்ப்ளீட் செட்'. துணை இல்லாத ஒற்றைப் பொருள் 'ஆட் பீஸ்'. ஜோடியான இரண்டே பொருள் என்றால் பெரும்பாலும் 'செட்' என்று சொல்வதில்லை, 'பேர்'. "தோடு ஒரு செட்" என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் ஜோடியாக்க வேண்டும். தோடோடு அட்டிகையும் வளையலும் சேர்ந்தால்தான் அது செட்.

இதே சொல்லைக் கணக்கு வாத்தியார் வேறு மாதிரி பயன்படுத்துவார். தமிழ்ப் பாடநூலில் அது கணம். கணத்தில் ஓர் உறுப்பை இருமுறை எழுதினாலும் ஒன்றுதான். 1, 1, 2 என்ற கணமும் 1, 2 என்ற கணமும் சமம். பாத்திரக் கடையில் ஆறு டம்ளர் ஒரு செட் என்றால் ஆறும் ஒன்றைப் போல ஒன்று இருக்க வேண்டும். கணக்கு வாத்தியார் பார்வையில் அந்த ஆறும் ஒரே உறுப்பாகிவிட்டால் சீர் கொண்டுபோகிறவர் ஒரு டம்ளரோடு நிற்க வேண்டியதுதான். டம்ளர்கள் ஒரே மாதிரி இருந்தாலும் ஆறு வேறு பொருள்கள் என்று சொல்லிச் சமாளிக்கலாம். பிள்ளைகளுக்குக் கணத்தை விளக்க இந்த எடுத்துக்காட்டு போதும்.

கைப்பந்தில் இரண்டு செட்டும் ஒரே ஆட்டத்தில் சந்திக்கின்றன. ஐந்து செட்டில் மூன்றை வென்றால் ஆட்டம். ஒரு செட் 25 புள்ளி, ஐந்தாவது மட்டும் 15, எதிலும் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். இது தொகுதி. அந்தச் செட்டுக்குள், அடிப்பவருக்கு வாகாகப் பந்தை உயர்த்தி வைப்பவர் 'செட்டர்'. அது அமர்த்துவது.

திருவிழாவில் கட்டும் மைக்செட், நாதசுரம் தவிலோடு வரும் மேளச்செட், வாய்க்குள் வைக்கும் பல்செட் மூன்றும் தமிழ்நாட்டுச் செட்டுகள். ஆங்கிலத்தில் முதலாவது 'பிஏ சிஸ்டம்', இரண்டாவது 'ட்ரூப்', மூன்றாவது 'டென்ச்சர்ஸ்'. "நாங்க ஒரே செட்டு" என்பது 'சேம் பேட்ச்' அல்லது 'சேம் இயர்'. 'செட்' என்றே எழுதினால் பணக்காரக் கோஷ்டி, சினிமாக் கோஷ்டி என்பது போல ஒரு தொனி வரும். செக்டாவின் வாசனை இன்னும் போகவில்லை.

அதிகம் அடிபடுவது "செட் ஆகலை". இது முழுக்க நம் ஆக்கம். ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல் கிடையாது, எதைப் பற்றிய பேச்சு என்று பார்த்து மாற்ற வேண்டும். சட்டை அளவில் செட் ஆகவில்லை என்றால் 'ஃபிட்'. நிறமோ தோரணையோ சேரவில்லை என்றால் 'சூட்'. கடைக்காரரிடம் சட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் அவர் பெரிய அளவை எடுத்து நீட்டுவார். ஊர்த் தண்ணீர் செட் ஆகவில்லை, பலகாரம் செட் ஆகவில்லை என்றால் 'அக்ரீ'. கூட்டாளியோடு செட் ஆகவில்லை என்றால் 'கெட் ஆன்'. ஜாதகம் என்றால் 'மேட்ச்'. போட்ட திட்டம் செட் ஆகவில்லை என்றால் 'வொர்க் அவுட்'. எதிலும் 'நாட் செட்' வராது; வந்தால் எதிராளிக்கு நினைவு வருவது உறையாத தயிர்.

"துபாயில செட்டில் ஆயிட்டான்" என்பது இன்னொரு சொல். இருக்கையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, 'செட்'டுக்கு ஒன்றுவிட்ட உறவு. பணத் தகராறைத் தீர்ப்பதும் 'செட்டில்'. "கணக்கைச் செட் பண்ணியாச்சு" என்று சொல்கிறவர் 'செட்டில்' என்றுதான் எழுத வேண்டும்.

'செட்'டோடு ஒரு துணைச்சொல் ஒட்டும்போது பொருள் தாவும். எல்லாவற்றையும் இங்கே அடுக்கப் போவதில்லை, இங்கத்திய வாழ்க்கையில் அதிகம் அடிபடும் சிலவற்றை மட்டும்.

'செட் அப்' என்றால் கடை வைப்பது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் செய்தது அதுதான். வினையாக எழுதும்போது இரண்டு சொல்லாகப் பிரித்தும், பெயராக எழுதும்போது ஒன்றாகச் சேர்த்தோ சிறு கோடிட்டோ எழுத வேண்டும். நம் 'செட்டப்பு'க்கு ஏமாற்று ஏற்பாடு, கள்ள உறவு என்ற பொருளெல்லாம் ஏறிவிட்டது. ஆங்கிலத்தில் பொறி வைத்து மாட்டிவிடுவது என்ற பொருள் மட்டும் உண்டு, மற்றது இல்லை.

'செட் அசைட்' இரண்டு முகம் கொண்டது. லாபத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் தருமத்துக்கும் மகமையாக எடுத்து வைப்பது 'செட் அசைட்'. நீதிமன்றம் கீழ்நீதிமன்றத் தீர்ப்பை 'செட் அசைட்' செய்தால் ரத்து செய்கிறது. "தீர்ப்பை ஒதுக்கி வைத்தது" என்று எழுதுவதைப் பார்க்கலாம். படிப்பவர் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொள்வார். 'ரிசர்வ்' செய்ததைத்தான் அப்படிச் சொல்லலாம்.

'செட் ஆஃப்' கிளம்புவது, வெடி வைப்பது, கணக்கில் கழித்துக்கொள்வது என்று மூன்றுக்கும் வரும். பேரேடு பார்த்த குடும்பங்களுக்கு மூன்றாவது பழக்கமானது. நாம் ஒருவருக்கு 40,000 தர வேண்டும், அவர் நமக்கு 65,000 தர வேண்டும். இரண்டையும் நேர் செய்து 25,000 மட்டும் கைமாறினால் அது 'செட்-ஆஃப்'. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 8ஆம் கட்டளை, 6ஆம் விதி இதைப் பற்றியதுதான். வராக்கடனைத் தள்ளுவது 'ரைட்-ஆஃப்'. ஒன்றில் பணம் நேராகிறது, மற்றதில் போய்விடுகிறது. மாற்றி எழுதினால் ஐந்தொகை பொய்யாகும்.

'செட் இன்' என்பதற்குத் தமிழில் ஒட்டிப் பிறந்தது போல ஒரு சொல் இருக்கிறது. "ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சு." வந்து, இனி லேசில் போகாது என்பது இரண்டிலும் உண்டு. பெரும்பாலும் மழை, குளிர், அழுகல், நோய் மாதிரி வேண்டாத விருந்தாளிக்குத்தான் வரும். மகிழ்ச்சி 'செட் இன்' ஆனது என்று எழுதாதீர்கள்.

'செட்பேக்' பேச்சில் பின்னடைவு. கட்டட அனுமதிக்குப் போனால் மனையின் எல்லைக்கும் சுவருக்கும் நடுவில் விட வேண்டிய காலி இடம். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டும் வைத்து நீளமாகக் கட்டிய வளவுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லே ஒரு பின்னடைவுதான். அனுமதி வரைபடத்தில் நாலு பக்கமும் தனித்தனி அளவு கேட்பார்கள். முன்பக்கம் விட்டதைப் பின்பக்கத்தில் 'செட்-ஆஃப்' செய்ய முடியாது.

கடைசியாகச் சினிமா. 1940களில் ஏவி. மெய்யப்பன் காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ நடத்திய காலத்திலிருந்தே இந்தப் பக்கத்துக்கு இந்தச் செட் பழக்கம். படத்துக்காகக் கட்டிப் பிரிக்கும் இடம் 'செட்'. ஏற்கெனவே இருக்கும் இடம் 'லொகேஷன்'. கானாடுகாத்தான் வீட்டில் படம் எடுத்தால் அது லொகேஷன். அந்த வீட்டு முகப்புக்கு எதிரே ஒரு டீக்கடையைப் பலகை அடித்து நிறுத்தினால் டீக்கடை மட்டும் செட். எடுக்கும் இடம் எதுவானாலும் வேலை நடக்கும்போது 'ஆன் செட்' என்றே சொல்வார்கள்.

தூண் தேவைப்பட்டால் செட் போடுகிறவர்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பயன்படுத்துவார்கள். தண்ணீர் பட்டால் அரைமணிக்குள் செட் ஆகிவிடும் என்பதால் அவசர வேலைக்குத் தோது. வண்ணம் ஏற்றிவிட்டால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்குப் பர்மாத் தேக்கு மாதிரியே இருக்கும். சந்தேகமாக இருந்தால் விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். தேக்கு கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். செட் தூண் காலிக் குடம் மாதிரி டொக்கென்னும்.